ஃபைலுக்குள் யார் பெயர் இருக்கிறது?

மதுரையில் ஒருவர் கொடுக்கும் மனு, தீசிஸ், பயோடேட்டா, வாடகை ஒப்பந்தம் எதை எடுத்தாலும், அதை அவரே உட்கார்ந்து அடித்திருப்பார் என்று சொல்லிவிட முடியாது. மாவட்ட நீதிமன்றத்தைச் சுற்றியும், கலெக்டர் ஆபீஸ் பக்கமும், காமராசர் பல்கலைக்கழகத்துக்குப் போகிற வழியில் நாகமலை புதுக்கோட்டையிலும் இருக்கிற டைப்பிங் சென்டர், ஜெராக்ஸ் கடை, டிடிபி கடைகளை நம்பித்தான் ஊரின் காகித வேலை ஓடுகிறது. கையால் எழுதிக்கொண்டு போனால் அடித்து, பிழை பார்க்க ஒரு பிரிண்ட் தந்து, திருத்தி, கடைசியில் பென் டிரைவில் போட்டோ வாட்ஸ்அப்பில் அனுப்பியோ கொடுத்துவிடுவார்கள். அந்த ஃபைலோடு நாம் கேட்காத சில தகவலும் கூடவே வருகிறது: எந்தக் கம்ப்யூட்டரில் உருவானது, யார் பெயரில், எத்தனை மணிக்கு, கடைசியாக யார் கை வைத்தார்கள் என்று. மெட்டாடேட்டா என்பது இதுதான். விண்டோஸ் அதற்கு பிராப்பர்ட்டீஸ் என்று ஒரு பக்கமே வைத்திருக்கிறது, திறந்து பார்க்க அரை நிமிஷம் போதும். ஆனால் திறந்து பார்த்த உடனே அதில் உள்ளதை எல்லாம் சத்தியவாக்கு மாதிரி எடுத்துக்கொண்டு சண்டைக்குக் கிளம்புகிறவர்களைப் பார்த்தால், எந்த வரியை எவ்வளவு நம்பலாம் என்று யாரும் சொல்லித் தருவதே இல்லை என்றுதான் தோன்றுகிறது.

முதலில் பார்க்கிற வழி. ஃபைல் மேல் ரைட் கிளிக் செய்து பிராப்பர்ட்டீஸ், அதில் டீட்டெய்ல்ஸ் என்ற தாவல். ஃபைலைத் தேர்ந்தெடுத்து ஆல்ட்டும் என்டரும் சேர்த்து அழுத்தினாலும் அதே பெட்டிதான் வரும். வேர்டுக்குள் இருந்தால் ஃபைல் மெனுவில் இன்ஃபோ, வலது ஓரத்தில் எல்லாம் வரிசையாக நிற்கும். லிப்ரே ஆபிஸில் ஃபைல் மெனுவிலேயே பிராப்பர்ட்டீஸ் இருக்கிறது. பிடிஎஃப் என்றால் அடோபி ரீடரில் கன்ட்ரோல் டி. குரோமில் திறந்திருந்தால் பிடிஎஃபுக்கு மேலே உள்ள பட்டையின் மூன்று புள்ளி மெனுவில் டாக்குமென்ட் பிராப்பர்ட்டீஸ். போனில் சாதாரணமாகத் தெரிவது அளவும் தேதியும்தான், அதை வைத்து ஒரு முடிவுக்கும் வர வேண்டாம்.

இப்போது ஆத்தர் என்ற வரிக்கு வருவோம், பஞ்சாயத்து எல்லாம் இங்கேதான் ஆரம்பிக்கிறது. "அண்ணே, என் தீசிஸ்ல வேற ஒருத்தர் பேரு வருதுண்ணே, கைடு கூப்பிட்டுக் கேக்குறாரு" என்று ஒரு பிள்ளை கடைக்காரரிடம் வந்து நின்றால் அவருக்கும் என்ன சொல்வதென்று தெரிவதில்லை. விஷயம் எளிமையானது. வேர்டு யார் எழுதினார்கள் என்று கண்டுபிடிப்பதே இல்லை. அந்தக் கம்ப்யூட்டரில் ஆபிஸ் மென்பொருளில் யூசர் நேம் என்று எது போடப்பட்டிருக்கிறதோ, அதைப் புது ஃபைலில் ஆத்தர் இடத்தில் எழுதிவைக்கும், அவ்வளவுதான். ஆப்ஷன்ஸில் ஜெனரல் பகுதியில் போய் யார் வேண்டுமானாலும் அந்தப் பெயரை மாற்றலாம். கடைக் கம்ப்யூட்டர்களில் பெரும்பாலும் அது 'அட்மின்', 'விண்டோஸ் யூசர்' என்று இருக்கும், இல்லை அசெம்பிள் செய்து கொடுத்த பையன் பெயர் இருக்கும், செகண்ட் ஹேண்டில் வாங்கிய மெஷின் என்றால் முன்பு அதை வைத்திருந்த கம்பெனியின் பெயர்கூட இருக்கும்.

அதோடு கடைகளில் யாரும் வெற்றுப் பக்கத்தில் ஆரம்பிப்பதில்லை. போன வருஷம் அடித்த தீசிஸையோ மனுவையோ காப்பி எடுத்து, உள்ளே இருப்பதை அழித்துவிட்டு, மார்ஜின், தலைப்பு அமைப்பு எல்லாம் அப்படியே இருக்க, புது விஷயத்தை அடிப்பார்கள். வேலை சுலபம், தப்பு சொல்ல முடியாது. ஆனால் அப்படிச் செய்தால் ஆத்தர் வரியும், 'கன்டென்ட் கிரியேட்டட்' என்ற தேதியும் பழைய ஃபைலினுடையதாகவே தங்கிவிடும். போன மாதம் அடித்த வாடகை ஒப்பந்தத்துக்கு 2017 என்று பிறந்த தேதி காட்டுவது இதனால்தான். கடைசியாகச் சேமித்தவர் பெயர் மட்டும் புதிதாக மாறியிருக்கும். ஆக இந்த இரண்டு பெயரையும் வைத்து இன்னார் எழுதினார் என்று சொல்ல முடியாது. எந்தெந்த மெஷின் வழியாக வந்தது என்று ஒரு ஊகம் சொல்லலாம்.

டோட்டல் எடிட்டிங் டைம் என்று இன்னொன்று இருக்கிறது, இதைப் பார்த்துத்தான் நிறையப் பேர் ஏமாறுகிறார்கள். 200 பக்க தீசிஸுக்கு 6 நிமிஷம் என்று காட்டினால் காப்பி அடித்தது என்று அர்த்தமா? பல ஃபைல்களில் அத்தியாயம் அத்தியாயமாக அடித்து, கடைசியில் ஒரே ஃபைலில் ஒட்டியிருந்தாலும் அப்படித்தான் காட்டும். மறுபக்கம், ஃபைலைத் திறந்து வைத்துவிட்டு டீ குடிக்கப் போய்விட்டாலும் அந்தக் கடிகாரம் ஓடிக்கொண்டிருக்கும். அதனால் 90 மணி நேரம் என்று இருப்பதும் உழைப்புக்குச் சாட்சி ஆகாது.

தேதிகளில் இருக்கும் குழப்பம் இதைவிடப் பெரியது, ஏனென்றால் ஒரே பெட்டியில் இரண்டு இடத்துத் தேதிகள் கலந்து காட்டப்படுகின்றன. ஒன்று ஃபைலுக்கு உள்ளே எழுதப்பட்டிருப்பது, மற்றது வெளியே, அந்த டிஸ்க் தன் கணக்குக்கு வைத்திருப்பது. தபால் கவர் மேல் குத்திய முத்திரைத் தேதியும், உள்ளே கடிதத்தின் தலையில் எழுதிய தேதியும் வேறாக இருக்கலாம் இல்லையா, அது மாதிரி. பென் டிரைவிலிருந்து உங்கள் லேப்டாப்புக்குக் காப்பி செய்தால், விண்டோஸ் 'கிரியேட்டட்' என்பதில் காப்பி செய்த நேரத்தைப் போடும், 'மாடிஃபைடு' பழையதாகவே இருக்கும். கிரியேட்டட் தேதி மாடிஃபைடு தேதிக்குப் பின்னால் இருப்பதைப் பார்த்துவிட்டு, உருவாக்கும் முன்பே திருத்தினார்களா, இது போலி என்று ஒரே போடாகப் போடுவார்கள். போலியும் இல்லை ஒன்றும் இல்லை, காப்பி செய்த ஃபைல் எல்லாமே அப்படித்தான் இருக்கும். வாட்ஸ்அப்பில் வந்ததை இறக்கினால் வெளித் தேதி எல்லாம் இறக்கிய நேரத்துக்கு மாறிவிடும். கடைசியாகத் திறந்த நேரம் என்று காட்டுவதையும் நம்ப வேண்டாம். விஸ்டா என்ற பதிப்பு வந்ததிலிருந்து விண்டோஸ் அதை ஒவ்வொரு தடவையும் புதுப்பிக்காமல் விடுவதையே வழக்கமாக வைத்திருந்தது.

உள்ளே எழுதியிருப்பதை நேராகப் பார்க்க ஆசை இருந்தால் ஒரு வேலை செய்யலாம். 2007 ஆபிஸிலிருந்து வரும் டாக்எக்ஸ் ஃபைல் என்பது உண்மையில் ஒரு ஜிப் மூட்டை. ஒரு காப்பி எடுத்துக்கொண்டு, அதன் பெயரில் கடைசியில் இருக்கும் டாக்எக்ஸ் என்பதை ஜிப் என்று மாற்றுங்கள். கடைசி எழுத்துகள் தெரியவில்லை என்றால் ஃபைல் எக்ஸ்புளோரரின் வியூ மெனுவில் ஃபைல் நேம் எக்ஸ்டென்ஷன்ஸ் என்பதை டிக் செய்யுங்கள். இப்போது திறந்தால் உள்ளே சில ஃபோல்டர்கள், அதில் டாக்பிராப்ஸ் என்று ஒன்று. அதற்குள் கோர், ஆப் என்று இரண்டு சின்ன எக்ஸ்எம்எல் ஃபைல்கள். நோட்பேடில் திறந்தால் மூச்சு விடாமல் ஒரே வரியாக ஓடும், பயப்பட வேண்டாம், நிதானமாகப் படித்தால் புரியும். கோரில் கிரியேட்டர் என்ற அடைப்புக்குள் ஒரு பெயர், லாஸ்ட் மாடிஃபைடு பை என்று ஒரு பெயர், ரிவிஷன் என்று எத்தனை தடவை சேமித்தது என்ற எண், அப்புறம் இரண்டு தேதிகள். ஆப் என்பதில் எந்த வேர்டு பதிப்பு, எந்த டெம்ப்ளேட், மொத்த நிமிஷம், கம்பெனி பெயர்.

அந்தத் தேதியை உற்றுப் பாருங்கள். 2024-06-12, பிறகு டி என்ற எழுத்து, 04:47:00, கடைசியில் இசட் என்று ஓர் எழுத்து. அந்த இசட்டைக் கவனிக்காமல் விட்டால் விடிகாலை 4:47-க்கு யாரோ ரகசியமாக உட்கார்ந்து ஃபைல் தயாரித்ததாகக் கதை கட்டிவிடலாம். இசட் என்றால் உலகப் பொது நேரம், நம் நேரம் அதற்கு ஐந்தரை மணி முன்னால். கூட்டினால் காலை 10:17, கடை திறந்து முதல் வேலையாக அடித்திருக்கிறார்கள், அவ்வளவுதான். எக்ஸ்புளோரர் இதையே நம்மூர் நேரமாக மாற்றிக் காட்டும், நேராக உள்ளே எட்டிப் பார்க்கிறவர்கள்தான் தடுமாறுவார்கள். பிடிஎஃப் தேதிகளில் பெரும்பாலும் +05'30' என்று கூடவே எழுதியிருக்கும், குழப்பம் குறைவு. இத்தனைக்கும் மேலே, எல்லாத் தேதியும் அந்தக் கம்ப்யூட்டரின் கடிகாரம் சொன்னதுதான். மதர்போர்டு பேட்டரி தீர்ந்துபோய், கரண்ட் போய் வரும்போதெல்லாம் பழைய வருஷத்துக்கு ஓடிப்போகும் மெஷின்கள் நம்ம கடைகளில் இன்னும் இருக்கின்றன, இன்டர்நெட் இல்லாமல் ஓடினால் யாரும் கவனிக்கக்கூட மாட்டார்கள்.

இதையெல்லாம் சொன்னால், அப்போ மெட்டாடேட்டா சுத்த வேஸ்ட்டா என்று கேட்பார்கள். இல்லை. அமெரிக்காவில் கான்சஸ் மாநிலம் விச்சிட்டாவில் 1974 முதல் 1991 வரை பத்துப் பேரைக் கொன்றுவிட்டுப் பிடிபடாமல் இருந்த டெனிஸ் ரேடர், 2005 பிப்ரவரியில் ஒரு டிவி நிலையத்துக்கு ஃபிளாப்பி டிஸ்க் அனுப்பினான். அதில் அழிக்கப்பட்டுக் கிடந்த ஒரு வேர்டு ஃபைலின் மெட்டாடேட்டாவில் ஒரு லூத்தரன் சர்ச்சின் பெயரும், கடைசியாகத் திருத்தியவர் 'டெனிஸ்' என்பதும் இருந்தன. அந்தச் சர்ச் சபையின் தலைவர் யார் என்று தேடினால் அவனேதான். பிப்ரவரி 25-ல் கைது. ஆனால் போலீஸ் அந்த ஒற்றைப் பெயரை மட்டும் வைத்து அவனைத் தூக்கிவிடவில்லை, அவன் மகளின் மருத்துவ மாதிரியிலிருந்து டிஎன்ஏ எடுத்து ஒப்பிட்டுப் பார்த்த பிறகுதான் கை வைத்தார்கள். பெயர் வந்தது பல பேர் புழங்கும் ஒரு சர்ச் கம்ப்யூட்டரிலிருந்து. நம்ம ஊர்க் கடைக் கம்ப்யூட்டர் மாதிரிதான். எங்கே தேட வேண்டும் என்று வழி காட்டியது, அதற்கு மேல் உள்ளதை டிஎன்ஏ நிரூபித்தது.

பிடிஎஃபுக்கு வருவோம். இதில் கிரியேட்டர், புரொட்யூசர் என்று இரண்டு வரி இருக்கும், இரண்டும் ஆளைச் சொல்வதில்லை, எந்த மென்பொருளில் செய்தது என்று சொல்கின்றன. இது பல நேரம் ஆத்தரைவிட உருப்படியான தகவல். ஒரு ஆபீஸ் கடிதத்தை ஸ்கேன் செய்தது என்று ஒருவர் அனுப்புகிறார், புரொட்யூசர் இடத்தில் வேர்டு என்று இருந்தால், அது ஸ்கேனர் வழியாக நேரே வரவில்லை, வேர்டில் ஒட்டி பிடிஎஃப் ஆக்கியது என்று தெரிந்துகொள்ளலாம். மோசடி என்று உடனே சொல்ல முடியாது, போனில் எடுத்த படத்தை வேர்டில் வைத்து பிடிஎஃப் ஆக்குவது கடைகளில் தினசரி நடப்பதுதான். ஆனால் ஒரு கேள்வி கேட்க இடம் இருக்கிறது.

டைட்டில் வரிதான் ஆளைச் சங்கடத்தில் மாட்டிவிடும். பழைய வேர்டு பதிப்புகள் முதல் தடவை சேமிக்கும்போது முதல் வரியையே டைட்டிலாக எடுத்துக்கொண்டுவிடும். அந்த ஃபைலை மாடலாக வைத்து அடுத்தவருக்கு அடித்தால் டைட்டில் மாறாது, பிடிஎஃப் ஆக்கினாலும் கூடவே போகும், குரோமில் திறந்தால் மேலே தாவலில் பளிச்சென்று முந்தைய வாடிக்கையாளரின் தலைப்பு நிற்கும். தமிழில் அடித்ததாக இருந்தால் இன்னும் வேடிக்கை. பாமினி எழுத்துருவில் 'தமிழ்' என்று அடித்தால் ஃபைலுக்குள் உண்மையில் இருப்பது ஜே, கே, பி, ஓ என்ற நான்கு ஆங்கில எழுத்தும் ஒரு அரைப்புள்ளியும்தான், எழுத்துரு அதற்குத் தமிழ் வேஷம் போடுகிறது. பிராப்பர்ட்டீஸ் பெட்டிக்கு அந்த வேஷம் தெரியாது, அதனால் டைட்டிலில் ஏதோ வைரஸ் புகுந்த மாதிரி ஆங்கிலக் கிறுக்கல் வரும். வைரஸ் இல்லை, பாமினி அல்லது வானவில் மாதிரி பழைய எழுத்துரு என்று புரிந்துகொண்டால் போதும்.

எழுத்துரு என்றதும் ஒன்று சொல்ல வேண்டும், எனக்கு இந்த விஷயத்திலேயே மிகவும் பிடித்த பகுதி இதுதான். அடோபி ரீடரில் அதே பிராப்பர்ட்டீஸ் பெட்டியில் ஃபான்ட்ஸ் என்று ஒரு தாவல் இருக்கிறது, அந்த பிடிஎஃபில் எந்தெந்த எழுத்துரு பயன்பட்டிருக்கிறது என்று பட்டியல் போடும். ஆத்தரை மாற்றலாம், கடிகாரத்தைத் திருப்பி வைக்கலாம், ஆனால் அன்றைக்குப் பிறக்காத எழுத்துருவில் யாரும் அடிக்க முடியாது. பாகிஸ்தானில் நவாஸ் ஷெரீப் குடும்பத்தின் பனாமா வழக்கில் 2017-ல் நடந்தது இதுதான். 2006 பிப்ரவரி தேதியிட்ட ஒரு ஆவணம் கேலிப்ரி எழுத்துருவில் இருந்தது, அந்த எழுத்துரு பொதுமக்கள் கைக்கு வந்ததோ 2007-ல், விஸ்டாவோடும் ஆபிஸ் 2007-ஓடும். அதற்கு முன்பே சோதனைப் பதிப்பில் இருந்ததே என்று பதில் வாதமும் வந்தது, ஆனாலும் விசாரணைக் குழு அறிக்கையில் அது ஏறிவிட்டது.

நமக்கு இதே கணக்கைத் தமிழில் போடலாம். லதா என்ற எழுத்துரு விண்டோஸ் 2000 காலத்திலிருந்தே இருக்கிறது, விஜயா விண்டோஸ் 7-ஓடு 2009-ல் வந்தது, இப்போது எல்லா மெஷினிலும் தானாக வந்து நிற்கும் நிர்மலா யுஐ 2012-ல் விண்டோஸ் 8-ஓடுதான் வந்தது. 2008-ல் எழுதிய குடும்ப ஏற்பாடு என்று ஒருவர் ஒரு பிடிஎஃபை நீட்டுகிறார், ஃபான்ட்ஸ் பட்டியலில் நிர்மலா யுஐ இருக்கிறது என்றால், பழைய பத்திரத்தைப் பின்னால் மறுபடி அடித்தார்களா என்று முதலில் கேட்க வேண்டும், இல்லை என்றால் விளக்க வேண்டியது அவர் பாடு. ரூபாய்க் குறி ₹ இன்னும் சுலபம். நம்ம தமிழ்ப் பையன் உதயகுமார் வரைந்தது, மத்திய அரசு அதை ஏற்றுக்கொண்டது 2010 ஜூலை 15. அதற்கு முந்தைய தேதி போட்ட கடன் பத்திரத்தில் அந்தக் குறி இருந்தால் பிராப்பர்ட்டீஸ் பக்கமே போக வேண்டாம்.

சரி, பார்ப்பது போதும், அனுப்புவதற்கு முன் நம் ஃபைலைச் சுத்தம் செய்வது எப்படி? வேர்டில் ஃபைல், இன்ஃபோ, செக் ஃபார் இஷ்யூஸ், அதில் இன்ஸ்பெக்ட் டாக்குமென்ட். கமென்ட், டிராக் சேஞ்சஸில் அழித்த வரிகள், ஆத்தர் விவரம், மறைத்து வைத்த எழுத்து எல்லாவற்றையும் தேடி, எடுத்துவிடவா என்று கேட்கும். காப்பியில் செய்யுங்கள், ஏனென்றால் எடுத்ததில் சிலதைத் திரும்பக் கொண்டுவர முடியாது. பிடிஎஃப் ஆகச் சேமிக்கும்போது ஆப்ஷன்ஸில் டாக்குமென்ட் பிராப்பர்ட்டீஸ் என்ற டிக்கை எடுத்துவிட்டால் அங்கேயும் போகாது. பிரிண்ட் கொடுத்து பிடிஎஃப் ஆக்கினால் சுத்தமாகிவிடும் என்று ஒரு நம்பிக்கை இருக்கிறது. டைட்டிலில் வேர்டு ஃபைலின் பெயர் வந்து உட்கார்ந்துவிடும், அதனால் ஃபைலுக்கு 'ஓனர் தொல்லை லெட்டர்' என்று பெயர் வைத்திருந்தால் முதலில் அதை மாற்றுங்கள்.

கடைகளில் யாருமே கவனிக்காதது படங்கள்தான். பயோடேட்டாவில் ஆதார் அட்டைப் படத்தைச் செருகி, போட்டோ மட்டும் தெரிகிற மாதிரி கிராப் செய்து தருகிறார்கள். வேர்டில் கிராப் என்பது வெட்டுவது இல்லை, மறைப்பதுதான். வாங்குகிறவர் படத்தைக் கிளிக் செய்து கிராப்பை இழுத்து விரித்தால் ஆதார் எண்ணோடு முழு அட்டையும் வந்து நிற்கும். கம்பிரஸ் பிக்சர்ஸ் என்பதில் வெட்டிய பகுதிகளை நீக்கு என்ற டிக்கோடு ஓகே கொடுத்தால்தான் அது உண்மையிலேயே போகும். போனில் எடுத்த படத்தில் லொகேஷன் ஆன் ஆகி இருந்தால் அட்சரேகை, தீர்க்கரேகைகூட உள்ளே இருக்கும். வாட்ஸ்அப்பில் சாதாரணப் படமாக அனுப்பினால் அது உதிர்ந்துவிடுகிறது, டாக்குமென்ட் என்று அனுப்பினால் அப்படியே போய்ச் சேரும். வீட்டை வாடகைக்கு விடப் படம் அனுப்புகிறவர்களுக்குப் பரவாயில்லை, எல்லோருக்கும் பரவாயில்லை என்று இல்லை.

ஒரு வேளை அந்த ஃபைல் வழக்குக்குப் போகிற விஷயம் என்றால், மேலே சொன்ன சுத்தம் எதையும் செய்யக் கூடாது, திறந்து பார்த்துவிட்டு தெரியாத்தனமாக சேவ் கொடுக்கவும் கூடாது, ஒரு சேவ் போதும், கடைசியாகத் திருத்தியவர் நீங்கள் ஆகிவிடுவீர்கள். 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய சாட்சிய அதினியம் 63-வது பிரிவு, பழைய சாட்சியச் சட்டத்தின் 65பி இருந்த இடத்துக்கு வந்திருக்கிறது. மின்னணுப் பதிவைக் கொடுக்கும்போது சான்றிதழ் வேண்டும், அந்தப் படிவத்தில் ஃபைலின் ஹேஷ் மதிப்பை எழுதச் சொல்கிறார்கள். ஹேஷ் என்பது ஃபைலுக்குள் இருக்கும் ஒவ்வொரு எழுத்தையும் சேர்த்துக் கணக்குப் போட்டு வரும் ஒரு நீள எண். ஃபைலின் பெயரை மாற்றினாலோ பென் டிரைவுக்குக் காப்பி செய்தாலோ அது மாறாது, உள்ளே ஆத்தர் பெயரில் ஒரு எழுத்து மாறினாலும் மொத்தமும் வேறாகிவிடும். விண்டோஸில் பவர்ஷெல் என்ற கட்டளைப் பெட்டியைத் திறந்து கெட்-ஃபைல்ஹேஷ் என்ற கட்டளையைக் கொடுத்து ஃபைலைக் காட்டினால் எஸ்ஹெச்ஏ-256 முறையில் 64 எழுத்து வரும். கடைக்காரர் பென் டிரைவில் போட்டுத் தந்த அன்றைக்கே, திறப்பதற்கு முன்னால், அந்த 64 எழுத்தை எடுத்து உங்களுக்கும் வக்கீலுக்கும் மெயிலில் அனுப்பி வைத்துவிடுங்கள். அப்புறம் பார்ப்பதெல்லாம் காப்பியில் பார்த்துக்கொள்ளலாம்.